இறங்கிய எடை ஏன் மீண்டும் ஏறுகிறது?

தையில் தொடங்கிய டயட் வைகாசிக்குள் பலன் காட்டிவிடுகிறது. எட்டுக் கிலோ போய்விட்டது. பழைய சட்டை தொளதொளக்கிறது. கல்யாண வீட்டில் பார்ப்பவர்கள் "என்ன இப்படி இளைச்சுட்டீங்க?" என்று விசாரிக்கிறார்கள். அடுத்த பொங்கல் வரும்போது அந்த எட்டில் நான்கோ ஐந்தோ திரும்பியிருக்கும். இன்னும் இரண்டு பொங்கல் போனால் மிச்சமும் வந்து சேரும். வீடும் ஊரும் இதற்கு ஒரே காரணம்தான் சொல்லும்: வாயைக் கட்டத் தெரியவில்லை. எடை ஏறியவரும் பாவம், அதையே நம்பிவிடுகிறார்.

அந்தத் தீர்ப்பு தவறு என்று காட்ட உடலியலில் எண்பது ஆண்டுச் சான்றுகள் சேர்ந்திருக்கின்றன. எடையைக் குறைப்பது ஒரு வேலை, குறைந்த எடையைக் காப்பது இன்னொரு வேலை. இரண்டுக்கும் உடல் காட்டும் எதிர்ப்பு வேறு, வேண்டிய கருவிகளும் வேறு. நம்மில் பெரும்பாலோர் முதல் வேலைக்கு மட்டும் தயாராகி இறங்குகிறோம். இரண்டாவது வேலை ஒன்று இருப்பதையே யாரும் நமக்குச் சொல்வதில்லை.

முதலில் ஒரு பழைய கணக்கைச் சரிசெய்துவிடலாம். 1958-இல் மாக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற நியூயார்க் மருத்துவர், ஒரு பவுண்டு உடல் எடை 3,500 கலோரிக்குச் சமம் என்று கணக்கிட்டார். கிலோவுக்குச் சுமார் 7,700. தினம் 500 கலோரி குறைத்தால் வாரத்துக்குச் சுமார் அரைக் கிலோ இறங்கும் என்று இன்றும் சொல்லப்படுவது இதிலிருந்து வந்ததுதான். இந்தக் கணக்கை அப்படியே நீட்டினால் ஓராண்டில் 23 கிலோவும் மூன்றாண்டில் 70 கிலோவும் குறைய வேண்டும். எழுபது கிலோ மனிதர் காணாமலே போயிருக்க வேண்டும். அப்படி ஆவதில்லை. உடலின் வரவு குறைந்தால் அது தன் செலவையும் குறைத்துக்கொள்கிறது, பசியையும் கூட்டிக்கொள்கிறது. விஷ்னோஃப்ஸ்கியின் கணக்கில் இந்த இரண்டுக்கும் இடமில்லை.

முதல் வாரத்தின் வேகமும் ஏமாற்றக்கூடியது. கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு இருக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் கூடவே தங்கியிருக்கும். சோற்றையும் இட்லியையும் சட்டென்று நிறுத்தினால் இந்தச் சேமிப்பு கரைந்து, தண்ணீரும் வெளியேறுகிறது. பத்து நாளில் ஐந்து கிலோ என்று விளம்பரம் செய்கிறவர்கள் காட்டும் எடையில் பெரும்பகுதி இந்தத் தண்ணீர்தான். ஒரு நாள் விருந்து சாப்பிட்டால் அது திரும்ப வந்துவிடும்.

இனி அமெரிக்காவின் மினசோட்டாவுக்குப் போவோம். 1944 நவம்பர். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் ஐரோப்பாவில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியில் கிடந்தார்கள். அவர்களுக்கு எப்படி உணவு கொடுத்து உடலைத் தேற்றுவது என்று மருத்துவத்துக்குத் தெரியவில்லை. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானத்துக்கு அடியில் இருந்த ஆய்வுக்கூடத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் இதை ஆராயத் துணிந்தார். ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடம் தராததால் போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள், பட்டினி கிடக்கத் தாங்களாகவே முன்வந்தார்கள். எல்லோரும் நல்ல ஆரோக்கியத்தில் இருந்தவர்கள், குண்டானவர்கள் அல்ல.

முதல் 12 வாரம் வயிறாரச் சாப்பாடு. பிறகு 24 வாரம் அரைப் பட்டினி. நாளுக்கு இரண்டு வேளை, மொத்தம் சுமார் 1,600 கலோரி. முழு கோதுமை ரொட்டி, உருளைக்கிழங்கு, டர்னிப், முட்டைக்கோஸ், மாக்கரோனி. போரால் சீரழிந்த ஐரோப்பாவில் கிடைக்கக்கூடிய உணவு என்று கணித்துத் தேர்ந்தெடுத்தவை இவை. இதோடு வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டும். இன்றைக்கு எடை குறைப்பு மையங்கள் எழுதித் தருகிற பல டயட் பட்டியல்கள் இந்தப் 'பட்டினி' அளவைவிடவும் குறைவானவை என்பதை இங்கே நிறுத்தி யோசிக்க வேண்டும்.

அவர்கள் தங்கள் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தார்கள். இதயத் துடிப்பு மந்தமானது. கோடைக்காலத்திலும் குளிர்ந்தது. உட்காரும் இடத்தில் சதை வற்றியதால் நாற்காலிக்கு மெத்தை தேவைப்பட்டது. ஓய்வில் இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல் சுமார் 40 சதவீதம் இறங்கியது. உடல் சிறுத்துப்போனது மட்டும் காரணமாக இருந்தால் இவ்வளவு இறங்கியிருக்காது. மிஞ்சிய உடலும் சிக்கனமாக இயங்கத் தொடங்கியிருந்தது.

மனதில் நடந்தது இன்னும் முக்கியம். சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. ஒரு கிண்ண உருளைக்கிழங்கில் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு மணி நேரத்துக்கும் மேலாகச் சாப்பிட்டார்கள். தட்டை நக்கினார்கள். சமையலில் ஆர்வமே இல்லாதவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்து இரவில் படித்தார்கள். இவர்கள் கொள்கைக்காகச் சமூகத்தின் ஏளனத்தையே தாங்கியவர்கள். மன உறுதிக்கு அவர்களிடம் பஞ்சமில்லை. பசி அவர்களையே இப்படி ஆட்டிவைத்தது என்றால், அலுவலகத்திலிருந்து களைத்து வந்து, பிள்ளைகளுக்குத் தோசை வார்த்துக்கொண்டே தன் பசியை அடக்கும் ஒரு பெண்ணை "கட்டுப்பாடு இல்லை" என்று பேச யாருக்கும் உரிமை இல்லை.

கட்டுப்பாடு நீங்கி விருப்பம்போல் சாப்பிட விட்டதும் பலரும் பெருந்தீனி தின்றார்கள். வயிறு நிறைந்த பிறகும் பசித்தது என்றார்கள். எடை திரும்பியது. ஆனால் கொழுப்பு முதலில் வந்தது, தசை பின்தங்கியது. கொழுப்பு பழைய அளவையும் தாண்டிச் சேர்ந்தது. கீஸ் 1950-இல் இரண்டு பெரிய தொகுதிகளாக இவற்றை வெளியிட்டார். சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய அப்துல் துலூ 1990-களில் அந்த எண்களை மீண்டும் எடுத்துக் கணக்கிட்டபோது ஒன்று தெரிந்தது: இழந்த தசை முழுதாகத் திரும்பும் வரை அந்த மிகைப்பசி அடங்கவில்லை. எடை குறைக்கும்போது தசையைக் காப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் பார்த்ததில்லை.

இந்தப் பசி எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்க ஐம்பது ஆண்டு ஆனது. 1994-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் லெப்டின் என்ற ஹார்மோனின் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். கொழுப்பு செல்கள் இதைச் சுரந்து, கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குத் தெரிவிக்கின்றன. கொழுப்பு குறைந்தால் லெப்டின் குறையும். மூளை அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு செலவைச் சுருக்கும், பசியைத் தூண்டும். அந்தப் பஞ்சம் நாமே விரும்பி வரவழைத்தது என்பது மூளைக்குத் தெரியாது. 1999-இல் ஜப்பானில் கண்டறியப்பட்ட கிரெலின், வயிறு சுரக்கும் பசி ஹார்மோன். எடை குறைந்தால் அது கூடும்.

கொஞ்ச நாளில் உடல் இதற்குப் பழகிவிடாதா? மெல்போர்னில் 50 பேரிடம் இதைச் சோதித்தார்கள். பத்து வாரக் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் அவர்கள் சராசரியாக 13 கிலோவுக்கு மேல் இழந்தார்கள். ஓராண்டு கழித்து ரத்தத்தைப் பரிசோதித்தபோதும் பசியைக் கூட்டும் ஹார்மோன்கள் உயர்ந்தே இருந்தன, லெப்டின் தாழ்ந்தே இருந்தது. பசியும் தொடக்கத்தில் இருந்ததைவிட அதிகமாகவே இருந்தது. 2011-இல் வந்த இந்த முடிவு எடை குறைப்பு பற்றிய பேச்சையே மாற்றியிருக்க வேண்டும். நம் ஊரில் இன்னும் மாற்றவில்லை.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் அப்போது பணியாற்றிய கெவின் ஹால் இதை எண்ணாகவே தந்தார். அவருடைய குழுவின் கணிப்புப்படி, இழக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடலின் அன்றாடச் செலவு 20 முதல் 30 கலோரி குறைகிறது. பசியோ அதே கிலோவுக்கு நாளுக்குச் சுமார் 100 கலோரி கூடுகிறது. எட்டுக் கிலோ இறக்கியவரை அவர் உடல் முன்பைவிட 800 கலோரி அதிகமாகச் சாப்பிடத் தூண்டுகிறது என்று பொருள். "எனக்கு மெட்டபாலிசம் ஸ்லோ" என்று பலரும் சொல்கிறார்கள். அது உண்மைதான், ஆனால் சிறிய உண்மை. பெரிய தடை பசி.

இதே ஹால் 2016-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு உலகெங்கும் செய்தியானது. 'தி பிக்கஸ்ட் லூசர்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேர், 30 வாரத்தில் சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தார்கள். ஆறாண்டுக்குப் பின் அதில் 41 கிலோ திரும்பியிருந்தது. அப்போதும் அவர்கள் உடல், அந்த எடைக்கும் வயதுக்கும் எதிர்பார்ப்பதைவிட நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே செலவிட்டது. இதைப் படித்துவிட்டு "எல்லாம் வீண்" என்று பலர் எழுதினார்கள். அவர்கள் கவனிக்காத ஒரு வரி அந்த ஆய்வில் உண்டு. எடையைச் சிறப்பாகக் காத்தவர்களுக்குத்தான் வளர்சிதை மாற்றம் அதிகம் மந்தமாகியிருந்தது. மந்தம் அவர்களைத் தோற்கடிக்கவில்லை. அவர்கள் வேறு எதையோ செய்து அதை ஈடுகட்டியிருந்தார்கள்.

அது என்ன என்று அடுத்த ஆண்டே தெரிந்தது. காத்தவர்கள் தங்கள் உடல் இயக்கத்தைப் போட்டிக்கு முன்பிருந்ததைவிட 160 சதவீதம் கூட்டியிருந்தார்கள். எடை திரும்பியவர்கள் 34 சதவீதம்தான். இருதரப்புக்கும் உணவில் இவ்வளவு பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

உடற்பயிற்சி பற்றிய ஒரு பழைய குழப்பம் இங்கே தெளிகிறது. எடையை இறக்க உடற்பயிற்சி பலவீனமான கருவி. எழுபது கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் நடந்தால் 250 கலோரி செலவாகும். ஒரு மசால் தோசை அதைத் தாண்டிவிடும். எடை இறங்குவது பெரும்பாலும் தட்டில் நடக்கும் மாற்றத்தால்தான். இறங்கிய பிறகு நிலைமை மாறுகிறது. அப்போது உடலின் செலவு குறைந்திருக்கிறது, பசி ஏறியிருக்கிறது. அந்த இடைவெளியை முழுக்கச் சாப்பாட்டாலேயே அடைக்கப் பார்த்தால் மினசோட்டா இளைஞர்களின் கதிதான். அந்த இடத்தில் நடையும் உழைப்பும் உதவிக்கு வருகின்றன.

அவை எப்படி உதவுகின்றன என்பதற்கு வங்காளத்தில் ஒரு சான்று இருக்கிறது. கொல்கத்தா அருகே ஹூக்ளி நதிக்கரையில் செங்காயில் என்ற ஊரின் சணல் ஆலையில், ஹார்வர்டின் ஜான் மேயரும் இந்திய ஆய்வாளர்கள் இருவரும் 213 ஆண்களின் உணவையும் எடையையும் பதிவு செய்தார்கள். 1956-இல் அது வெளியானது. மூட்டை சுமப்பவர்கள் அதிகம் சாப்பிட்டார்கள், ஒல்லியாக இருந்தார்கள். வேலையின் கடுமை குறையக் குறையச் சாப்பாடும் குறைந்தது. ஆனால் ஓர் எல்லை வரைதான். அந்த எல்லைக்கும் கீழே, நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்த கடைக்காரர்களும் மேற்பார்வையாளர்களும் கடும் உழைப்பாளிகள் அளவுக்குச் சாப்பிட்டார்கள். எடையும் அவர்களுக்கே அதிகம். கையில் இருந்த காசும் இதில் கலந்திருக்கும், அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனாலும் பின்வந்த ஆய்வுக்கூடச் சோதனைகள் மேயர் பார்த்ததை ஆதரிக்கின்றன. ஓரளவாவது இயங்கும் உடலில்தான் பசி, தேவையை ஒட்டிக் கூடிக் குறைகிறது. அசையாத உடலில் பசிக்கும் தேவைக்கும் தொடர்பு அறுந்துபோகிறது. நடையின் பெரிய பயன் அது எரிக்கும் 250 கலோரி அல்ல என்று நான் கருதுவது இதனால்தான்.

ஜெயித்தவர்களைத் தேடிப் பிடித்துப் பதிவு செய்த முயற்சியும் ஒன்று உண்டு. ரீனா விங், ஜேம்ஸ் ஹில் இருவரும் 1994-இல் அமெரிக்காவில் தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டைத் தொடங்கினார்கள். குறைந்தது 13.6 கிலோ இறக்கி, ஓராண்டாவது காத்தவர்கள் இதில் சேரலாம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். எடை குறைக்க அவர்கள் போன வழிகள் பல. காத்த விதத்தில்தான் ஒற்றுமை தெரிகிறது. பத்தில் ஒன்பது பேர் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்தார்கள், பெரும்பாலும் நடை. நான்கில் மூன்று பேர் வாரம் ஒரு முறையாவது எடை பார்த்தார்கள். தாமாக வந்து சேர்ந்தவர்களின் கணக்கு இது என்பதால் காரண காரியத்தை இதிலிருந்து மட்டும் நிறுவ முடியாது. ஆனால் மற்ற சான்றுகளோடு இது பொருந்திப் போகிறது.

தட்டுக்கு வருவோம். கொழுப்பைக் குறைப்பதா, மாவுச்சத்தைக் குறைப்பதா என்ற சண்டையில் நேரத்தை வீணாக்க வேண்டாம். ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை இரு பிரிவாக்கி ஓராண்டு பார்த்தார்கள். குறைந்த கொழுப்பில் 5.3 கிலோ, குறைந்த மாவுச்சத்தில் 6 கிலோ. சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. எந்த முறையில் பசி அடங்கி இருக்கிறதோ அதுவே உங்களுக்கு உரியது.

உணவு எந்த வடிவில் வருகிறது என்பது முக்கியம். ஹால் 2019-இல் 20 பேரை ஆய்வு மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய பாக்கெட் உணவுகளும், இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவும் கொடுத்தார். பரிமாறியவற்றில் சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பாக்கெட் உணவு வாரங்களில் அவர்கள் தங்களை அறியாமலே நாளுக்கு 500 கலோரி அதிகம் சாப்பிட்டு, 0.9 கிலோ ஏறினார்கள். மற்ற இரண்டு வாரத்தில் அதே 0.9 கிலோ இறங்கினார்கள்.

நம் மதியச் சாப்பாட்டை இந்தக் கண்ணோடு பாருங்கள். சாம்பாருக்கு ஒரு தடவை சோறு, ரசத்துக்கு ஒரு தடவை, தயிருக்கு ஒரு தடவை. மூன்று தடவையும் தட்டில் புதிதாக விழுவது சோறுதான். பொரியல் ஓரத்தில் ஒரு கரண்டி. இந்த வரிசையை மாற்றினால் போதும், எதையும் விலக்க வேண்டியதில்லை. கூட்டும் கீரையும் பொரியலும் முதலில், கிண்ணம் நிறைய. கூடவே முட்டையோ மீனோ, கொண்டைக்கடலைச் சுண்டலோ. வேகவைத்த கடலை 100 கிராமில் சுமார் 9 கிராம் புரதம் இருக்கிறது, அதே எடை சோற்றில் 3 கிராமுக்கும் குறைவு. பிறகு சாம்பார் சோறு ஒரு தடவை. ரசத்தை டம்ளரில் குடிக்கலாம், தயிரை மோராக்கிக்கொள்ளலாம். வயிறு முன்போலவே நிறையும், கலோரி குறையும், தசைக்கு வேண்டிய புரதமும் கிடைக்கும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்கார்வது, சுவரில் கை வைத்துத் தண்டால், தண்ணீர்க் குடம் தூக்குவது போன்ற தசை வேலை கொடுக்க வேண்டும். இழக்கும் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தசை போன்ற கொழுப்பில்லாத திசுவாக இருக்கலாம், அதைக் குறைக்க இதுவே வழி. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும்.

இப்போது ஊசி மருந்துகளும் வந்துவிட்டன. செமக்ளுடைடு 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடையைக் குறைத்தது. அது முக்கியமாகப் பசியில்தான் வேலை செய்கிறது. ஊசியை நிறுத்தியவர்களுக்கு ஓராண்டில், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. மேலே சொன்ன உடலியல் மருந்தாலும் மாறிவிடவில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

எடை இறங்கவே இல்லை என்று மனம் உடைந்தவர்களுக்குச் சென்னையிலிருந்து ஒரு செய்தி இருக்கிறது. மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்றாண்டு கண்காணித்தார்கள். வழக்கமான ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவை மாற்றி, தினம் அரை மணி நேரமாவது நடந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கே வந்தது. இந்த இரண்டாம் குழுவின் எடை பெரிதாகக் குறையவில்லை. எடை இயந்திரத்தில் முள் அசையாத மாதங்களிலும் நடை உடலுக்குள் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

எடையைக் காக்கும் வேலைக்கு ஒரு நடைமுறை சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. ரீனா விங் 2006-இல் வெளியிட்டது. ஏற்கெனவே எடை குறைத்த 314 பேரில் ஒரு பிரிவினருக்குத் தினமும் எடை பார்க்கவும், அதை மூன்று நிறங்களில் பிரித்துக்கொள்ளவும் கற்றுக்கொடுத்தார்கள். எட்டிய எடையிலிருந்து ஏற்றம் ஒன்றரைக் கிலோவுக்குள் என்றால் பச்சை, எதையும் மாற்ற வேண்டாம். அதைத் தாண்டினால் மஞ்சள், எங்கே நழுவியது என்று பார்க்க வேண்டும். 2.3 கிலோ ஏறினால் சிவப்பு, முதலில் எடையைக் குறைத்த முறைக்கே திரும்ப வேண்டும். 18 மாத முடிவில், செய்திமடல் மட்டும் பெற்றவர்களில் 72 சதவீதம் பேர் 2.3 கிலோவுக்கு மேல் ஏறியிருந்தார்கள். நேரில் கூடிக் கற்றவர்களில் 46 சதவீதம் பேர்.

வீட்டில் இதைச் செய்ய ஓர் எடை இயந்திரமும் காலண்டரும் போதும். காலையில் கழிவறை போய்வந்த பின், காபிக்கு முன், அதே இயந்திரத்தில் பாருங்கள். உப்பு மிகுந்த விருந்துக்கு மறுநாளும் மாதவிலக்கை ஒட்டிய நாட்களிலும் ஒரு கிலோ வரை தண்ணீர் ஏறி இறங்கும், அதைப் பொருட்படுத்தாமல் வாரச் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். சராசரி சிவப்பைத் தொட்டால் அந்த வாரமே சாம்பார் சோற்றை ஒரு தடவையாக்கி, நடையைக் கால் மணி நேரம் கூட்டுங்கள். இரண்டு கிலோ ஏறிய நிலையில் இது ஒரு மாத வேலை.